மார்கிரட் கேட்ட சத்தம்

குருநகர் மீன்சந்தையில் மார்கிரட் மீன் கூறி விற்கத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். திறந்தும் பயனில்லை, அவளுடைய குரலுக்கு மேலே வேறு குரல் எழாது. அப்படிப்பட்ட மனுசியின் பேச்சை அன்றைக்கு வட்டுக்கோட்டையில் ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லை என்றால் அவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

நடந்தது இதுதான். தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வட்டுக்கோட்டையில் பெண்களுக்கு ஒரு சைக்கிள் ஓட்டப் போட்டி வைத்தார்கள். வயல்களைச் சுற்றிப் போகிற தார் வீதியில் பல சுற்று. மார்கிரட்டின் மகள் லவீனா தொடக்கத்திலிருந்தே முன்னுக்கு நின்றாள். கடைசிச் சுற்றில், வீதி வளைகிற வயல் முடக்கில், மட்டுவிலில் இருந்து வந்த கோபிகா என்ற பெட்டை அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். முடக்கில் நின்ற மார்கிரட்டின் காதில் அப்போதுதான் அது விழுந்தது. ங்ங்ங்ங் என்று ஒரு இரைச்சல். அந்த இரைச்சலோடு கோபிகா லவீனாவை விலத்திக்கொண்டு போயே போய்விட்டாள்.

“எஞ்சின்! எஞ்சின் சத்தம் கேக்குது! மறியுங்கோ உவளை!”

பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டு வானத்தைக் காட்டினார். “அது விண் அக்கா. பட்டத்து விண்.”

வயலுக்கு மேலே பட்டங்கள் நின்றன. வாடைக் காற்றுக் காலம். பெரிய பட்டங்களின் தலையில் ஒரு வில்லைக் கட்டி, அதில் நாடாவை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். அதுதான் விண். காற்றுப் பட்டால் கூவும். கயிற்றைப் பனைமரத்தில் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போனாலும் அது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை தோற்றுப்போகிற நேரத்தில் கேட்கிற சத்தம் வேறு மாதிரித்தான் கேட்கும்.

“எனக்கு விண் தெரியாதோ? நான் வள்ளக்காரன்ரை பெண்சாதி. எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாட்டி வேறை ஆருக்குத் தெரியும்?”

நேரே நடுவர் சண்முகநாதனிடம் போனாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாத மனிதர்.

“சேர், உவளின்ரை சைக்கிளுக்குள்ளை மோட்டார் கிடக்கு.”

“என்னம்மா சொல்லுறியள்?”

“என்ரை மகன் டினேஸ் பிரான்ஸிலை இருக்கிறான். அவன் ஒரு வீடியோ அனுப்பினவன். சீற்றுக்குக் கீழை இருக்கிற குழாய்க்குள்ளை மோட்டாரைச் செருகினால் வெளியிலை ஒண்டும் தெரியாதாம். தண்ணிப் போத்தலுக்குள்ளை பற்றரி. ஹாண்டிலிலை ஒரு சுவிச். வெள்ளைக்காரரே செய்து பிடிபட்டிருக்கினம், சேர்!”

“அத்தாட்சி ஏதும் இருக்கோ?”

“என்ரை காது.”

“காதைக் கழட்டி மேசையிலை வைக்கேலாதே அம்மா,” என்றார் சண்முகநாதன். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

தோல்வியைக்கூடத் தாங்கியிருப்பாள், அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால், கோபிகாவின் தகப்பன் தியாகராசா மகளின் சைக்கிளைப் படுக்கை விரிப்பால் சுற்றி, உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். வென்ற சைக்கிளை நாலு பேர் தொட்டுப் பார்க்க விடாமல் ஏன் மூட வேண்டும்? மட்டுவில்வரை புழுதி குடித்துக்கொண்டு போகிற வண்டியில் வேறு எப்படி ஏற்றுவார்கள் என்று மார்கிரட் யோசிக்கவில்லை. அவளுக்கு வேண்டிய பதில் ஏற்கெனவே அவளிடம் இருந்தது.

வீட்டில் புருசன் நீக்கிலாப்பிள்ளை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கதையைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். “இந்த மாதத்திலை வட்டுக்கோட்டையிலை இரைஞ்சதெண்டால் அது விண்தான். எஞ்சின் எண்டால் எண்ணெய் மணக்கும்.”

“பற்றரி மோட்டார் மணக்காது! விசர்க்கதை கதையாதேங்கோ.”

“விடுங்கோ அம்மா,” என்றாள் லவீனா. “எனக்குக் கடைசியிலை கால் விட்டிட்டுது. அவ்வளவுதான்.”

“உன்ரை கால் விடேல்லை, பிள்ளை. விட வைச்சவை!”

மார்கிரட் விடுவாளா? அடுத்த நாளே சந்தையில் மீனோடு சேர்த்து இந்தக் கதையையும் கூறத் தொடங்கிவிட்டாள். மீன் வாங்க வந்தவர்கள் கதையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் அது நல்லூர்ப் பக்கத்து ரியூசன் பிள்ளைகளின் போன்களுக்கும் போய்விட்டது. யாரோ ஒரு கெட்டிக்காரன் கோபிகாவின் சைக்கிளில் வள்ளத்து எஞ்சினைக் கொழுவிப் படம் செய்து போட்டிருந்தான். மார்கிரட் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அதற்குள் அடுத்த போட்டியின் அறிவித்தல் வந்தது. மாசியில், அதே வீதியில். முதலாவதாக வருபவள் வட மாகாண அணியில் கொழும்புக்குப் போவாள். அங்கே நன்றாக ஓடினால் நாட்டு அணிக்கும் எடுப்பார்கள், விளையாட்டுக்காரருக்கென்று அரசாங்க வேலையும் கிடைக்கும். இதற்காகத்தான் லவீனா இரண்டு வருசமாக விடியப்புறத்தில் பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றுக்கு மிதித்துக்கொண்டு திரிந்தாள். தான் நின்ற மீன் தண்ணீருக்குள் மகளும் வந்து நிற்கக் கூடாது என்பது மார்கிரட்டின் ஒரே ஆசை. அந்த ஆசைக்குக் குறுக்கே மட்டுவில் பெட்டை ஒருத்தி மோட்டாரோடு நிற்கிறாள் என்றால் எந்தத் தாய்க்குத்தான் நித்திரை வரும்?

கத்தரிக்காய் வாங்குகிற சாட்டில் மார்கிரட் மட்டுவிலுக்குப் பஸ் ஏறினாள். சாவகச்சேரியில் இறங்கி, விசாரித்து விசாரித்து, தியாகராசாவின் வளவுக்கே போய்விட்டாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தோட்டத்துக்குள் இறங்கித் தன் கையாலேயே பிஞ்சாகப் பார்த்து ஆய்ந்து கொடுத்தார். கோபிகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“எவடம் அன்ரி?”

“யாழ்ப்பாணம்.” குருநகர் என்று சொல்ல வாய் வரவில்லை.

“இந்த வெய்யிலுக்குள்ளை வந்திருக்கிறியள். இருந்து ஆறிப் போங்கோ.”

மார்கிரட் தேத்தண்ணியைக் குடித்தாள். கண் மட்டும் விறாந்தையை மேய்ந்தது. சுவரோரம் அந்தச் சைக்கிள் நின்றது. அதற்குப் பக்கத்தில் நிலத்தில் ஒரு கறுப்புப் பற்றரி, சிவப்பு வெளிச்சம் எரிய எரிய மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. அகப்பட்டுவிட்டாய்! கதவுக்குப் பின்னால் கத்தரிக்கு மருந்தடிக்கிற மெசின் பற்றரி இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. அதையும் அவள் கண்டாள். கண்டும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே தொடங்கிவிட்டாள். “கண்டிட்டன்! கையும் களவுமாக் கண்டிட்டன்!”

லவீனா சோறு தின்றுகொண்டிருந்தாள். “என்னத்தைக் கண்டனீங்கள்?”

“மோட்டாரின்ரை பற்றரியை. சார்ச் ஏறினபடி கிடக்கு. வயர் நேரா உவளின்ரை சைக்கிளுக்குள்ளை போகுது.”

வயர் சைக்கிளுக்குள் போனதை அவள் எங்கே கண்டாள்? ஆனால் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்து நினைத்து, குருநகர் வந்து சேரும்போது அவளுக்கு அது கண்டது மாதிரியே ஆகிவிட்டது.

“உண்மையா உங்கடை கண்ணாலை கண்டனீங்களோ அம்மா?”

“மாதாவாணை!”

லவீனா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “அப்ப நான் எவ்வளவு ஓடியும் பிரயோசனமில்லை,” என்றாள்.

“அதைத்தானே நானும் தொண்டை கிழியச் சொல்லுறன்!” மகள் ஒருவழியாகத் தன் பக்கம் வந்துவிட்டாள் என்று மார்கிரட்டுக்கு ஒரே சந்தோசம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு சண்முகநாதன் வீட்டுக்குப் போனாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் இந்தக் கதை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

“அந்த மட்டுவில் பிள்ளை அழுதுகொண்டு போன் எடுக்குது. எனக்கும் ஒரு முடிவு தெரியவேணும். போட்டி முடிஞ்ச உடனை, முதல் இரண்டாய் வாற சைக்கிளையும் சனத்துக்கு முன்னாலை வைச்சுக் கழட்டுவம்.”

“பிடிபட்டால்?”

“இனி வாழ்நாளிலை எந்தப் போட்டியிலையும் ஓடேலாது.”

“அதுதான் சேர் வேணும்!”

“ஆனால் ஒண்டு. முன்கூட்டித் தெரிஞ்சால் கழட்டி வைச்சிட்டு வருவினம். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. உங்கடை மகளுக்கும்தான்.”

மார்கிரட் பிறந்த நாளிலிருந்து ஒரு கதையைக்கூட வயிற்றுக்குள் வைத்திருந்தவள் இல்லை. இதை வைத்திருந்தாள். நீக்கிலாப்பிள்ளைக்கும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் லவீனாவும் கதைபேச்சைக் குறைத்துக்கொண்டாள். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த யாரோ டினேஸ் தந்துவிட்டதென்று ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுத்தார்கள். சொக்லேட்டாக இருக்கும் என்று மார்கிரட் நினைத்தாள். ஆனால் ஒரு சொக்லேட்டும் வெளியே வரவில்லை. சைக்கிளைத் திருத்துவேலைக்காரன் கொலின்ஸின் கடையில் விட்டு எடுத்து வந்த பிறகு, மகள் அதை அறைக்குள் வைத்துப் பூட்டத் தொடங்கினாள். ஒருநாள் மார்கிரட் துடைத்து வைக்கலாம் என்று துணியோடு போக, “அதிலை கை வையாதேங்கோ!” என்று பாய்ந்து விழுந்தாள். மார்கிரட் துணியோடு வாசலிலேயே நின்றாள். பிறகு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெட்டை கவனமாக இருக்கிறாள். கள்ளருக்கு நடுவில் ஓடுகிறவள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

போட்டியன்று காற்று விழுந்துவிட்டது. பனையோலை ஒன்றும் ஆடவில்லை. வயற்கரையில் பட்டங்கள் எழும்ப வழியில்லாமல் சாத்திக் கிடந்தன. அதே முடக்கில் வந்து நின்ற மார்கிரட் மாதாவுக்கு நன்றி சொன்னாள். இன்றைக்கு எவன் விண் என்று சொல்லுவான், பார்ப்போம்! வயலுக்கு அந்தப் பக்கம் முடிவுக் கோட்டில் கட்டியிருந்த ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்டது. கடைசிக்கு முந்திய சுற்று என்று அறிவித்தார்கள்.

தூரத்தில் இரைச்சல் கேட்டது. ங்ங்ங்ங்.

“வருகுது! கேளுங்கோ, எல்லாரும் கேளுங்கோ!” என்று பக்கத்தில் நின்றவனின் கையைப் பிடித்து உலுப்பினாள். முடக்கால் திரும்பி வந்தது லவீனா. தனியாக வந்தாள். மார்கிரட் அவளுக்குப் பின்னால் கோபிகாவைத் தேடினாள். கோபிகா அங்கே இல்லை. இரைச்சல் லவீனாவோடு கிட்ட வந்தது, லவீனாவோடு கடந்தது, லவீனாவோடு தேய்ந்து போனது.

எங்காவது தண்ணி இறைக்கிற மெசின் ஓடுகிறதா? சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வயலில் ஒரு மெசினும் இல்லை. அதற்குப் பிறகுதான் கோபிகா வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக. அவள் கடந்தபோது செயின் சத்தமும் மூச்சுச் சத்தமும் தவிர வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பூட்டிய அறை. டினேஸின் பார்சல். கை வையாதேங்கோ.

“ஐயோ என்ரை மாதாவே!”

இன்னும் ஒரு சுற்றுத்தான். லவீனா முதலாவதாகக் கோட்டைத் தாண்டுவாள். சண்முகநாதன் சைக்கிளைக் கையில் எடுப்பார். வாழ்நாளுக்கும் ஓடேலாது. அதுதான் சேர் வேணும் என்று கேட்டு வாங்கியவள் யார்? மகளிடம் போன் இல்லை. நடுவரிடம் என்னவென்று சொல்வது? நின்று யோசிக்க நேரமில்லை. இரைச்சல் திரும்பவும் கேட்கத் தொடங்க, மார்கிரட் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவீதியில் போய்க் கையிரண்டையும் விரித்து நின்றாள்.

“தள்ளுங்கோ அம்மா! தள்ளுங்கோ!”

தள்ளவில்லை. பிறேக் கீச்சிட, லவீனாவின் முழங்கால் நிலத்தில் உரச, சைக்கிள் சறுக்கிக்கொண்டு வந்து தாயின் காலடியில் நின்றது. மார்கிரட் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தாள்.

“விசரோ உங்களுக்கு? விடுங்கோ!”

பின்னால் வந்த கோபிகா வேகத்தைக் குறைத்தாள். “என்ன அன்ரி, என்ன நடந்தது?”

“நீ போ பிள்ளை. நிக்காதை, போ!”

கோபிகா போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக விலத்திப் போனார்கள். லவீனா ஆத்திரத்தில் அழத் தொடங்கினாள். மார்கிரட் சைக்கிளை வீதியோரம் இழுத்து, சீற்றுக்குக் கீழே இருந்த குழாயில் கையை வைத்தாள். சூடாக இருந்தது.

“ஏனடி?” அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. “ஏனடி இப்பிடிச் செய்தனி?”

“ஏனோ?” லவீனா ஹெல்மெற்றைக் கழற்றி நிலத்தில் அடித்தாள். “நீங்கள்தானே சொன்னீங்கள் அவள் மோட்டாரிலை ஓடுறாளெண்டு. இரண்டு வருசம் ஓடினனான் அம்மா. அவள் ஒரு சுவிச்சை அமத்திப்போட்டு என்னை விலத்திப் போறதெண்டால் நான் என்ன செய்யிறது? அண்ணையைக் கேட்டன். அவன் அனுப்பினான். கொலின்ஸ் பூட்டித் தந்தவன். இரண்டு பேரிட்டையும் இருந்தால் சரிக்குச் சரிதானே எண்டு நினைச்சன்.”

ஒலிபெருக்கி இரைந்தது. மட்டுவில் கோபிகா முதலாமிடம். முறைப்பாடு ஒன்று வந்ததால் முதலிரண்டு சைக்கிள்களையும் எல்லோருக்கும் முன்னால் கழற்றிப் பார்க்கப் போகிறார்களாம்.

லவீனா அழுகையை நிறுத்தினாள். “உங்களுக்கு இது தெரியுமோ?”

“நான்தான் கேட்டனான்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

வயலுக்கு அந்தப் பக்கம் சனம் அடங்கிப் போயிருந்தது. தாயும் மகளும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி திரும்பவும் பேசியது. கோபிகாவின் சைக்கிளில் எந்தக் குற்றமும் இல்லை. இரண்டாவதாக வந்த பெட்டையின் சைக்கிளிலும் இல்லை. கைதட்டல் வயல் முழுக்கக் கேட்டது.

“ஒண்டும் இல்லையாம்,” என்றாள் லவீனா. “கண்டனெண்டு சொன்னியளே அம்மா.”

“பிள்ளை…”

“கண்ணாலை கண்டனெண்டு சொன்னியள். நான் நம்பினனான்.”

மார்கிரட் சுற்றுமுற்றும் பார்த்தாள். தாய் மனம் விடுமா? “சரி, வா,” என்றாள். “பின் வீதியாலை போய் ஓட்டோ ஒண்டு பிடிப்பம். செயின் அறுந்துபோச்செண்டு சொல்லுவம். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. கெதியா வா.”

சைக்கிளைத் திருப்பும்போது எதிரே தியாகராசா வந்துகொண்டிருந்தார். பின்னால் கோபிகா, மாலையைக்கூடக் கழற்றாமல் வந்தாள். தியாகராசா மார்கிரட்டின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“நீங்கள் கத்தரிக்காய் வாங்க வந்தனீங்கள்,” என்றார்.

“ஓம் அண்ணை.”

“சேர் சொன்னவர், முறைப்பாடு குடுத்தது லவீனாவின்ரை தாயெண்டு. அது நீங்கள்தானோ?” மார்கிரட் தலை குனிந்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை. “எங்கடை வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதிலையே வைச்சுக் கழட்டிக் காட்டியிருப்பன். என்ரை பிள்ளை ஒரு மாதமா வெளியிலை தலை காட்டேல்லை அம்மா.”

“அப்பா, அதை விடுங்கோ.” கோபிகா முன்னுக்கு வந்து லவீனாவின் கையைப் பிடித்தாள். “உமக்கு என்ன நடந்தது? நீர்தான் முன்னுக்குப் போனனீர். நீர் விழுந்து நான் வெண்டதெண்டு இருக்கக் கூடாது. சேரிட்டைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் திருப்பி ஓடுவம். சைக்கிள் பழுதோ? அப்பா, ஸ்பனர் கையிலைதானே இருக்கு, ஒருக்கால் பாருங்கோ.”

தியாகராசா முகத்தில் அடி வாங்கியவர் போலத்தான் இருந்தார். ஆனாலும் மகள் சொன்னதும் முழங்காலில் குந்தி லவீனாவின் சைக்கிளைத் தன் பக்கம் இழுத்தார்.

லவீனா தாயைப் பார்த்தாள். மார்கிரட்டின் கை இன்னும் அந்தக் குழாயில்தான் இருந்தது. தொடாதேங்கோ என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அவள் போடுகிற சத்தத்துக்கு எந்த மனிதனும் கையை எடுத்துவிடுவான். பிறகு ஓட்டோ, பிறகு வீடு, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கலாம். கோபிகா லவீனாவின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மார்கிரட் குழாயிலிருந்து கையை எடுத்தாள்.

“கழட்டுங்கோ அண்ணை,” என்றாள். “அதுக்குள்ளை மோட்டார் கிடக்கு.”

தியாகராசா ஸ்பனரோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார். கோபிகாவின் கை நின்றது. லவீனா முகத்தை மூடிக்கொண்டாள்.

“பூட்டினது இவள்,” என்றாள் மார்கிரட். “ஆனால் அதை இவளின்ரை மனசிலை வைச்சது நான். சேரைக் கூப்பிடுங்கோ, நான் அவரிட்டையும் சொல்லுறன்.”

சண்முகநாதன் வயல் வரம்பால் நடந்து வந்து சேரும்வரைக்கும் அவள் மகளுக்குப் பக்கத்தில், அந்த வீதியோரத்திலேயே நின்றாள்.